கேஸ்ட்ரிக் என்றால் கேஸ் அல்ல: மருத்துவச் சொற்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவக் கல்லூரி இருக்கும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு வந்து படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் களக்காடு, திசையன்விளை, முக்கூடல், ஆலங்குளம் என்று சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள். 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியாக இருக்கட்டும், நர்சிங், லேப் டெக்னீசியன் படிப்புகளாக இருக்கட்டும், முதல் மாதத்தில் அவர்களை மிரட்டுவது பாடத்தைவிடச் சொற்கள்தான். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அதன் பிறகு எம்.பி.பி.எஸ். வகுப்பிலும் இவர்களைப் பார்க்க முடிகிறது. அதனால் இதைப் பேச வேண்டிய தேவையும் கூடியிருக்கிறது.

“எனக்கு இங்கிலீஷ் வராது, அதான் இது மண்டையில ஏற மாட்டேங்கு” என்று இவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். முதல் தவறே இந்த எண்ணம்தான். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் எடுத்த துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவை. நெஃப்ரைட்டிஸ் என்ற சொல் கான்வென்ட் பிள்ளைக்கும் முதல் நாளில் புரியாது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் வேகம் அவளுக்குக் கூடுதலாக இருக்கலாம். பொருள் இருவருக்குமே புதிது.

தமிழ்வழியில் படித்தவரிடம் இதற்கு ஒரு கருவியும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ‘பகுபத உறுப்பிலக்கணம் தருக’ என்று கேட்டால், வந்தனன் என்பதை வா, த், த், அன், அன் என்று பிரித்து, எது பகுதி, எது சந்தி, எது இடைநிலை, எது சாரியை, எது விகுதி என்று எழுதுவோமே, அதே வேலைதான் இங்கேயும். கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம், பிரியுங்கள். கேஸ்ட்ர் என்பது இரைப்பை. என்டர் என்பது குடல். ஐட்டிஸ் என்ற விகுதிக்கு அழற்சி என்று பொருள். நடுவில் நிற்கும் ஓ? அது சாரியை. அதற்கென்று தனிப்பொருள் இல்லை, இரண்டு துண்டுகளைச் சேர்த்துவைக்க வந்தது. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் இந்த ஓ பெரும்பாலும் விழுந்துவிடும், அதனால்தான் கேஸ்ட்ரைட்டிஸ். இரண்டு பகுதிகளுக்கு நடுவில் வந்தால், அடுத்தது உயிரெழுத்தாக இருந்தாலும் விழாமல் நிற்கும். இதைப் புரியவைத்த பிறகு மனப்பாடப் பட்டியலைப் பாதிக்கு மேல் தூக்கிப் போடலாம். ஐட்டிஸ் ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஹெப்படைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ் எல்லாவற்றிலும் பாதி தெரிந்த மாதிரி.

ஆனால் தமிழ்ப் பழக்கம் ஓர் இடத்தில் நம்மைத் தடுக்கி விடும். நம் பகுபதத்தில் பகுதி முதலில் நிற்கும். மருத்துவச் சொல்லில் அதற்கும் முன்னால் ஒரு முன்னொட்டு வந்து நிற்கலாம். நம் கண் அதைத் தாண்டி நேராகப் பகுதிக்குப் போய்விடும். எதிர்மறை நம் மொழியில் பெரும்பாலும் பின்னால் வரும்: வரவில்லை, செய்யாதே. கிரேக்கத்தில் அது முன்னாலேயே ‘அ’ அல்லது ‘அன்’ என்று சின்னதாக வந்து, முழுப் பொருளையும் திருப்பிவிடும். அனூரியாவில் ‘யூரியா’ மட்டும் கண்ணில் பட்டு, ‘சிறுநீர் பற்றிய ஏதோ ஒன்று’ என்று நகர்ந்தால், சிறுநீரே இறங்கவில்லை என்ற அவசரச் செய்தி கைநழுவிப் போகும். அதனால் படிக்கும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் விகுதி, பிறகு தலையில் நிற்கும் முன்னொட்டு, கடைசியாக நடுவில் உள்ள பகுதி.

கேஸும் டென்ஷனும்

இனி, படிக்கிறவர்கள் மட்டுமல்ல, வீட்டில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் எல்லோரும் செய்யும் தவறு. ஊரில் ஏற்கெனவே புழங்கும் ஒரு சொல்லின் ஒலி காதில் பட்டதும், அதன் பொருளை மருத்துவச் சொல்லின் மேல் ஏற்றிவிடுவது.

கேஸ்ட்ரிக் என்றால் நம் ஊரில் கேஸ். “கேஸ்ட்ரிக் பிராப்ளம், ஏப்பம் விட்டா சரியாப் போயிரும்” என்பார்கள். கேஸ்ட்ரிக் என்ற சொல்லுக்கும் வாயுவுக்கும் எந்த உறவும் இல்லை, இரைப்பையைச் சார்ந்தது என்று மட்டும்தான் பொருள். கேஸ்ட்ரிக் அல்சர் என்றால் இரைப்பையில் புண், கேஸ்ட்ரெக்டமி என்றால் இரைப்பையை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எடுத்துவிடும் அறுவை. வெறும் சொல் குழப்பம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக வராது. மேல்வயிற்றில் எரிச்சல், நெஞ்சில் ஓர் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல் என்று வரலாம். சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் அப்படி வருவது உண்டு. அதை ‘கேஸ்ட்ரிக்’ என்று பெயரிட்டு, ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டால் போவது நேரம். இதயத் தசையைக் காப்பாற்ற அந்த நேரம்தான் முக்கியம். வியர்வையோடு நெஞ்சில் அழுத்தம் என்றால் சோடா தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். மருத்துவத் துறையில் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தத் தெருவுக்கு இதைச் சொல்லித் தருவது அந்தப் பிள்ளையின் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

ஹைப்பர்டென்ஷனும் இப்படித்தான். “நான் எதுக்கும் டென்ஷன் ஆக மாட்டேனே, எனக்கு எப்படி இது வந்துச்சு?” என்று கேட்கும் தாத்தாக்கள் எல்லா ஓ.பி.யிலும் உண்டு. இங்கே டென்ஷன் என்பது மனப் பதற்றம் அல்ல, இரத்தக் குழாய்ச் சுவரின் மேல் விழும் அழுத்தம். அமைதியான மனிதருக்கும் வரும். பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் இருக்கும். மனசு லேசாக இருக்கிறது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துவது இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் வினை.

வயிற்று ஸ்கேனில் கோலெலித்தியாசிஸ் என்று வந்தால் கொலஸ்ட்ரால் என்று நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. கோலெ பித்தம், லித் கல். பித்தப்பைக் கல் என்பதுதான் செய்தி. அந்த ‘லித்’ தெரிந்தால், நாம் கல்லடைப்பு என்று சொல்வதற்கு ரிப்போர்ட்டில் எழுதும் யூரோலித்தியாசிஸும், கல்லை உடைக்கும் லித்தோட்ரிப்சியும் சேர்ந்தே புரிந்துவிடும்.

தமிழில் எழுதிவைக்கும் குறிப்பு

வகுப்பில் வேகம் தாங்காமல் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது இயல்பு. எழுதட்டும், தப்பில்லை. பக்கத்திலேயே மூல எழுத்துக்கோவையை எழுதாமல் விடுவதுதான் தப்பு. ப என்ற ஓர் எழுத்தை மூன்று விதமாக ஒலிக்கிறோம், ச என்ற எழுத்தும் அப்படித்தான். பேச்சில் அது நமக்குச் சிக்கல் இல்லை. ஆனால் டிஸ்பேஜியாவும் டிஸ்பேசியாவும் வேறு வேறு. முதலாவது விழுங்குவதில் சிரமம், இரண்டாவது பேச்சில் கோளாறு. பக்கவாதம் வந்த ஒருவருக்கு இரண்டுமே வரலாம், ஒன்று மட்டும் வரலாம். வார்டு மாறும்போது விழுங்க முடியாதவரைப் பேச முடியாதவர் என்று புரிந்துகொண்டு கஞ்சியைப் புகட்டினால், அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரை கொண்டுபோகும். ஈசோபேகஸ் என்ற உணவுக்குழாயின் பெயரிலும், கிருமியை விழுங்கும் பேகோசைட்டிலும் இருக்கும் ‘பேக்’ தான் டிஸ்பேஜியாவிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தால் குழப்பம் குறையும்.

ஹைப்பர், ஹைப்போ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று கூடுதல், மற்றது குறைவு. கடைசி ஓர் அசையில்தான் வேறுபாடு. அந்த அசையை நாம் பேசும் வேகத்தில் விழுங்கிவிடுவோம். லேபிலிருந்து போனில் சொல்லும்போது “ஹைப்பர்கலீமியா” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். “பொட்டாசியம் கூடுதல், 6.8” என்று எண்ணோடு சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். பொட்டாசியம் கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பு தடுமாறும். மருத்துவமோ நேர் எதிர். கூடுதலாக இருப்பவருக்குப் பொட்டாசியம் ஏற்றினால் உயிரே போகலாம். கலீமியாவையும் கால்சியத்தைச் சொல்லும் கால்சீமியாவையும் கலந்துவிடுவதும் உண்டு. பொட்டாசியத்தின் இலத்தீன் பெயர் கேலியம், அதனால்தான் அதன் குறியீடு கே. பள்ளி வேதியியலில் படித்ததை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

அறுவைப் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். எக்டமி என்றால் எடுத்துவிடுவது. ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது. ஆஸ்டமி என்றால் ஒரு வழியைத் திறந்துவைப்பது. கோலெக்டமியில் பெருங்குடலை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ எடுத்துவிடுகிறார்கள். கோலாஸ்டமியில் குடலை வயிற்றுச் சுவருக்குக் கொண்டுவந்து அங்கே மலம் வெளியேற வழி வைக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கு இரண்டும் ‘டமி’ என்றே கேட்கும். எது என்று தெளிவாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

பிரித்தால் மட்டும் போதாது

பிரிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்து விழும் குழி, பிரித்து வந்த பொருளே நோய் என்று நம்புவது. ஐட்டிஸ் என்றால் அழற்சி, தொற்று அல்ல. முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் கிருமி இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. டான்சிலைட்டிஸ் பல நேரம் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. ஐட்டிஸ் என்று பார்த்ததும் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்கும் பழக்கத்தைப் படித்தவர்களாவது விட வேண்டும். ஹெப்படைட்டிஸ் என்றால் மஞ்சள்காமாலை என்று பாடம் எழுதுவதும் சரியில்லை. ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி, காமாலை ஓர் அறிகுறி. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தால் அந்தக் கல் நகராது.

ஓமா என்றால் கட்டி என்று சொல்லித் தருவோம். லைப்போமா கொழுப்புக் கட்டி, பெரும்பாலும் தொல்லை இல்லாதது. ஹீமட்டோமா இரத்தம் வெளியேறித் தேங்கிய வீக்கம். கிளாக்கோமாவில் கட்டியே இல்லை, கண் நரம்பு பாதிக்கப்படுகிறது. அதேபோல லிம்ஃபோமா, மெலனோமா என்ற சாதுவான பெயர்கள் புற்றுநோய்கள். விகுதியைப் பார்த்துப் பயப்படவும் முடியாது, ஆறுதல் கொள்ளவும் முடியாது.

பழைய நம்பிக்கைகளும் சொல்லுக்குள் தங்கியிருக்கும். மலேரியா இத்தாலியச் சொல்லில் கெட்ட காற்று. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்து, கொசுதான் பரப்புகிறது என்று தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஆர்த்தோபீடிக்ஸில் ‘பீட்’ வருவதால் பாதம் என்று பல பேர் எழுதுகிறார்கள். அது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். குழந்தைகளின் உடல் கோணலை நிமிர்த்துவது பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆண்ட்ரி 1741இல் உருவாக்கிய பெயர் அது.

ஒரே உறுப்பைக் குறிக்க இரண்டு பகுதிச் சொற்கள் இருப்பது இன்னொரு தலைவலி. சிறுநீரகத்துக்கு நெஃப்ரும் உண்டு, ரீனலும் உண்டு, ஒன்று கிரேக்கம், மற்றது இலத்தீன். நோய்க்கும் அறுவைக்கும் பெரும்பாலும் கிரேக்கம், உறுப்பின் அமைப்பைச் சொல்ல இலத்தீன் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும். ஆள் பெயரால் வழங்கும் நோய்களைப் பிரிக்கவே முயலாதீர்கள். ஹான்சன் நோய் என்றால் தொழுநோய், அவ்வளவுதான்.

மருந்துப் பெயர் விகுதிகளும் உதவும், ஆனால் முழுதாகப் பார்க்க வேண்டும். ஒமெப்ரசோலும் பான்டோப்ரசோலும் அமிலத்தைக் குறைப்பவை. அரிபிப்ரசோல் மனநோய்க்கான மருந்து.

பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருப்பதால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. சித்த மருத்துவப் பெயருக்கும் ஆங்கில மருத்துவப் பெயருக்கும் ஒன்றுக்கு ஒன்று என்று சமன்குறி போடாதீர்கள். வாதம் என்றால் பக்கவாதம் அல்ல. பித்தம், கபத்தோடு சேர்ந்து உடலை இயக்குவதாகச் சித்த மருத்துவம் சொல்லும் மூன்றில் ஒன்று அது. சித்த மருத்துவம் குன்மம் என்று சொல்லும் வயிற்று நோய்க்கு நேராக அல்சர் என்று எழுதினால் இரண்டு மருத்துவத்தையும் சுருக்கிவிடுகிறோம். அந்தந்த மருத்துவம் தன் கணக்கில் பிரித்து வைத்த வகை அது.

கடைசியாகச் சுருக்கெழுத்துகள். ஓ.டி. என்றால் மருந்துச்சீட்டில் நாளுக்கு ஒரு தடவை, கண் மருத்துவத்தில் வலது கண். சொட்டு மருந்துச் சீட்டில் அதைப் பார்த்தால் ஊகிக்காமல் எழுதியவரிடமே கேளுங்கள். என்.பி.எம். என்று கட்டிலில் மாட்டிவிட்டுப் போவது அதைவிடப் பெரிய பிரச்சினை. பக்கத்தில் இருக்கும் ஆச்சிக்கு அது என்ன தெரியும்? வாய் வழியாக ஒன்றும் கூடாது என்று சொன்னாலும் “சோறுதானே கூடாது, தண்ணி கொடுக்கலாம்லா?” என்று கேட்பார்கள். கேட்காமலே கொடுத்துவிடுவதும் உண்டு. தண்ணீர், காபி, இளநீர் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எத்தனை மணி வரை கூடாது என்பதையும், காலை மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டு, ஆச்சியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.