போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 450: பைக் ஓட்டத் தெரிஞ்சவங்க பண்ற தப்புங்க

போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 450 மாதிரி ஏடிவில, அதாவது காடு மேடுல ஓட்டற நாலு சக்கர வண்டியில, முதல் நாள் சொதப்பறது வண்டியே தொடாதவங்க மட்டும்தான்னு நினைக்காதீங்க, பத்து வருஷம் பைக் ஓட்டினவங்களும் நல்லாவே சொதப்புவாங்க, ஏன்னா அவங்க கையும் காலும் யோசிக்காமலே செய்யற வேலை இங்க அப்படியே தலைகீழ்.

போலாரிஸ் 1954ல அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல ரோஸோங்கற சின்ன ஊர்ல ஆரம்பிச்ச கம்பெனி, பனியில ஓட்டற ஸ்னோமொபைல்தான் அவங்களுக்கு முதல்ல பேர் வாங்கிக் கொடுத்துச்சு, ஏடிவி பக்கம் வந்தது 1985ல. பெரியவங்களுக்கான ஸ்போர்ட்ஸ்மேன் வரிசையில 450தான் கீழ்ப்படி. 33 ஹெச்பிதானேனு லேசா நினைச்சுடாதீங்க, எடை 300 கிலோவுக்கு மேல.

இருக்கறதுலயே மோசமான தப்பு கால ஊன்றதுதான். பைக் சாய்ஞ்சா நம்ம கால் தானா தரைக்குப் போகும்ல, இங்க அப்படி வச்சீங்கன்னா பின் டயர் உங்க கால் மேலயே ஏறிடும். கால் ரெண்டும் ஃபுட்ரெஸ்ட்லயே இருக்கணும், சரிவுல குறுக்கப் போறப்ப உடம்ப மேட்டுப் பக்கம் தள்ளணும். திருப்பத்துல வண்டி பைக் மாதிரி சாயாது, நீங்கதான் உள்பக்கமா சாயணும்.

அடுத்தது இடது கை. அங்க இருக்கறது கிளட்ச் இல்லீங்க, நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக். பழக்கதோஷத்துல இறக்கத்துல டக்குனு இழுத்துட்டா என்னாகும்னு சொல்ல வேணாம். ஆக்ஸிலேட்டர் வலது கட்டைவிரல்ல அமுக்கற லீவர், மேடு பள்ளத்துல குலுங்கறப்ப பயத்துல கைப்பிடிய இறுக்கினா விரல் அதையும் சேர்த்து அமுக்கிடும், வண்டி பாயும்.

டபுள்ஸ் வேணாம். சீட் நீளமா தெரியறது நீங்க முன்னப் பின்ன நகர்றதுக்கு, இன்னொருத்தர் உக்கார இல்ல. ஏத்தத்துல பின்னாடி கனம் கூடினா வண்டி மல்லாந்துடும். பதினாறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க கையில கொடுக்கவே கூடாதுனு வண்டியிலயே எழுதி ஒட்டியிருக்கு.

கியர் மாத்தற வேலை இல்ல, ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்தான். ஆனா லோ, ஹைனு ரெண்டு ரேஞ்ச் இருக்கு. சேத்துலயும் செங்குத்து ஏத்தத்துலயும் ஹைலயே வச்சு முறுக்கு முறுக்குனு... சாரி, முறுக்கறதுக்கு ஒண்ணும் இல்லல, அமுக்கிக்கிட்டே இருந்தா பெல்ட் வழுக்கிச் சூடாகிக் கருகும், வாசனை வந்தப்புறம் லோவுக்கு மாத்தி என்ன புண்ணியம். முதல் 25 மணி நேரம் புது இன்ஜின், விரட்டாதீங்க, அது முடிஞ்சதும் ஆயில் மாத்தணும்.

டயர் காத்து விஷயத்துலயும் பைக் கணக்கு போடக்கூடாது. இதுக்கு 5லேர்ந்து 7 பிஎஸ்ஐ மாதிரிதான், சரியான அளவு வண்டி ஸ்டிக்கர்ல இருக்கும். முப்பது அடிச்சுட்டு காட்டு மண் பாதையில இறங்கினா பந்து மாதிரி குதிக்கும். காத்து அளக்கற சாதாரண கேஜ்ல இவ்ளோ கம்மி காத்து சரியா தெரியாது, அதனால லோ பிரஷர் கேஜ் தனியா ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க.