பாரம் குறைந்த பந்தயக் கார்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலிருந்து வவுனியாப் பக்கம் போகிற எந்த வாகனமும் முறிகண்டியில் ஒருதரம் நிற்கும். நாங்களும் நின்றோம். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு திரும்பினால், மருமகன் முன்சீற்றிலிருந்து போனை நீட்டினான். லண்டனில் இருக்கிற அவனுடைய பெரியப்பா மகன் ஓட்டப்பாதையில் கார் ஓடுகிற வீடியோ. கதவு இல்லை, கூரை இல்லை, முன்சில்லு இரண்டும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. கேட்டர்ஹாம் என்ற இங்கிலாந்துக் கார்.

"மாமா, உது ஐந்நூறு கிலோவும் வராதாம். பிரேக் அடிச்சா அந்த இடத்திலேயே நிக்குமாம். நாலு குழாயை ஒட்டி ஒரு வேகன் ஆர் எஞ்சினை வைச்சா நாங்களும் செய்யலாம்."

பின்சீற்றில் இருந்த அவனுடைய தகப்பன், என் மச்சான், "உது சவப்பெட்டி" என்று முடித்துவிட்டார். மாங்குளம் வரும்வரை தகப்பனும் மகனும் வாய்ச்சண்டை. வாகனத்தை ஓட்டிக்கொண்டிருந்த நான் கச்சானைக் கொறித்துக்கொண்டு கேட்டேன். இரண்டு பேருமே பிழை. இந்தக் கார்களைப் பற்றிக் கதைக்கிற பெரும்பாலானவர்கள் விடுகிற பிழைதான் அது: கிலோக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் விசயத்தில் பொடியன் சொன்னது பகிடி அல்ல. 2021இல் வந்த கேட்டர்ஹாம் 170இல் இருப்பது சுசூகியின் 658 சீசீ, மூன்று சிலிண்டர் ரேர்போ எஞ்சின். எங்கள் சந்திகளில் நிற்கிற சின்ன ஜப்பான் கார்களின் குடும்பம்தான். 84 குதிரைவலு. காரின் பாரமோ, பந்தயத்துக்கான வகையில், சுமார் 440 கிலோ. இந்த வடிவத்தின் மூலம் கொலின் சப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன். 1973இல் அதைக் கட்டும் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. அப்போதிருந்து இன்றுவரை அடிப்படை யோசனை மாறவில்லை: வலுவைக் கூட்டுவதற்கு முன் பாரத்தைக் குறை.

"பாரம் குறைந்தால் உடனே நிற்கும்"

அடிக்கடி கேட்கிற பிழை இது. நல்ல காய்ந்த தாரில் 100 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற கார் நிற்க ஏறத்தாழ 40 மீற்றர் வேண்டும். 500 கிலோக் காருக்கும் அவ்வளவுதான், 1500 கிலோக் காருக்கும் அவ்வளவுதான், ரயர் ஒரே தரமாக இருந்தால். பாரமான காரை நிறுத்த அதிக விசை வேண்டும். ஆனால் அந்தப் பாரமே ரயரைத் தாரோடு அழுத்தி அதிக பிடிப்பையும் கொடுக்கிறது. கணக்கில் பாரம் இரண்டு பக்கமும் வந்து வெட்டுப்பட்டுப் போகும்.

அப்படியென்றால் லேசாக இருப்பதில் லாபமே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். ரப்பர் குறைந்த சுமையில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அதைவிட முக்கியம் சூடு. 100இல் ஓடும் 1500 கிலோக் காரை நிறுத்தும்போது பிரேக் தட்டுகள் கிட்டத்தட்ட 580 கிலோயூல் சக்தியை விழுங்க வேண்டும். 500 கிலோக் காரில் அது 195க்குள். ஒருமுறை நிறுத்துவதில் வித்தியாசம் தெரியாது. இருபது சுற்று ஓடி, ஒவ்வொரு வளைவிலும் பிரேக் அடித்த பிறகுதான் தெரியும்: பாரமான காரின் மிதி பஞ்சுபோல் இறங்கும்போது லேசான கார் முதல் சுற்றில் நின்றதுபோலவே நிற்கும்.

இன்னொன்று, பிரேக் அடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் கேட்டர்ஹாம் போன்றவற்றில் இருக்காது. 1996இல் வந்த முதல் லோட்டஸ் எலீஸிலும் இருக்கவில்லை. பயத்தில் ஏறி மிதித்தால் சில்லு பூட்டிக்கொண்டு நேரே வழுக்கும். அந்த இடத்திலேயே நிற்பதெல்லாம் ஓட்டுகிறவரின் பாதத்தில் இருக்கிற விசயம்.

"லேசான கார் என்றால் சவப்பெட்டி"

மச்சானின் பிழை இது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் திருத்துவது கடினம்.

இரண்டு கார்கள் நேருக்கு நேர் 60 கிலோமீற்றர் வேகத்தில் முட்டி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன என்று வைப்போம். ஒன்று 1500 கிலோ, மற்றது 500. முட்டிய பிறகு இரண்டும் சேர்ந்து பாரமான கார் போன திசையிலேயே 30 வேகத்தில் நகரும். பாரமான காரில் இருந்தவர் இழந்தது 30. லேசான காரில் இருந்தவருக்கோ 60 முன்னோக்கி இருந்தது 30 பின்னோக்கியாக மாறிவிட்டது, மொத்தம் 90. ஏ9இல் எதிரே மணல் ஏற்றிய டிப்பர் வந்தால் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையாகும். இந்த அளவில் மச்சான் சரி.

ஓட்டப்பாதையில் எதிரே டிப்பர் வராது. எல்லாரும் ஒரே திசையில், பெரும்பாலும் ஒரே வகைக் கார்களில் ஓடுகிறார்கள். முட்டினால் ரயர் அடுக்கிய தடுப்பில் முட்டுவார்கள். அங்கே கார் கரைக்க வேண்டியது தன் சொந்தச் சக்தியை மட்டும். அது மூன்றில் ஒரு பங்காக இருந்தால் தடுப்புக்கும் வேலை குறைவு, சட்டகத்துக்கும் வேலை குறைவு. ஒரே கார் ஓரிடத்தில் நல்ல யோசனை, இன்னோரிடத்தில் கெட்ட யோசனை.

அப்புறம், பாரத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எலீஸின் அலுமினியச் சட்டகம் 68 கிலோதான். பசையால் ஒட்டிய துண்டுகள் அவை. ஆனாலும் முன்பக்கத்தில் மோதலின்போது நொறுங்குவதற்கென்றே தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். கேடிஎம், நாங்கள் மோட்டர் சைக்கிளில் பார்க்கிற அதே கேடிஎம்தான், 2008இல் எக்ஸ்-போவைக் கொண்டுவந்தபோது ஓட்டுநர் இருக்கும் தொட்டியைக் கார்பன் இழையில் செய்தது. ஏரியல் அட்டம் என்ற காரில் குழாய்ச் சட்டகமே வெளியே தெரிகிற உடம்பு. மூன்றும் லேசானவை, முட்டும்போது மூன்றும் மூன்று விதம்.

மனித உடம்பு தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நிற்கக் கிடைக்கும் தூரம். 60 வேகத்திலிருந்து அரை மீற்றரில் நின்றால் உடம்பில் விழுவது புவியீர்ப்பைப்போல் 28 மடங்கு. பத்து சென்ரிமீற்றரில் நின்றால் 140 மடங்கு. இதனால்தான் "இரும்பு மாதிரி, கொஞ்சமும் நசுங்காது" என்று ஒரு சட்டகத்தைப் புகழ்வதைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். முன்னுக்கு நசுங்க வேண்டும், ஆள் இருக்கிற இடம் நசுங்கக் கூடாது.

"நாலு குழாயை ஒட்டினால் போதும்"

எங்கள் ஊர்ப் படலையைப் பாருங்கள். நான்கு சட்டம் அடித்துச் சதுரமாகச் செய்தால் ஒரு மாரி தாண்டுமுன் முனை தொங்கி நிலத்தில் இழுபடும். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு தடி அடித்தால் நிற்கும். செவன் வகைச் சட்டகத்தின் இரகசியமும் அந்தக் குறுக்குத் தடிதான். மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்தால் ஒவ்வொரு குழாயும் இழுபடும் அல்லது அமுக்கப்படும், வளைக்கப்படாது. முக்கோணம் விட்டுப்போன இடத்தில் எவ்வளவு தடித்த குழாய் வைத்தாலும் பாரம்தான் கூடும்.

அடுத்தது குழாய். தண்ணீர் வேலைக்கு வாங்குகிற நாகம் பூசிய குழாயில், கார் பிரண்டால் ஆளைக் காக்கிற பாதுகாப்புக் கூண்டு கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லியும் இருக்கிறேன். நாகப்பூச்சு ஒட்டிய இடத்தைப் பொத்தலாக்கும், புகை நெஞ்சுக்குள் போனால் இரவில் காய்ச்சல். அந்தக் குழாய் மோதலுக்காகச் செய்ததும் அல்ல. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, கூண்டில் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கிற பிரதான வளையத்துக்குக் கேட்பது மூட்டில்லாமல் குளிர்முறையில் இழுத்த கார்பன் உருக்குக் குழாய், 45 மில்லிமீற்றர் விட்டத்தில் 2.5 தடிப்பு, அல்லது 50இல் 2. கேட்கிறவர்களிடம் இந்த இரண்டு இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். அதன் பிறகு பாதிப் பேர் வருவதில்லை.

வளையத்தின் உயரத்திலும் பிழை விடுவார்கள். தலைக்கு மேல் இருந்தால் சரி என்று நினைப்பது. அளக்க வேண்டியது தலைக்கவசம் போட்டு, பெல்ட் இறுக்கி இருக்கும்போது. மாணவர்கள் கட்டும் ஃபோர்முலா கார்களுக்கான விதி, முன் வளையத்தின் உச்சிக்கும் பிரதான வளையத்தின் உச்சிக்கும் ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே தலைக்கவசம் குறைந்தது 5 சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. கார் பிரளும்போது நிலம் அந்தக் கோட்டில்தான் வந்து தொடும்.

"பெல்ட் இறுக்கமாக இருந்தால் சரி"

1970 செப்டெம்பர் 5, இத்தாலியின் மொன்ஸா. ஜோகன் ரிண்ட் என்ற ஓட்டுநரின் லோட்டஸ் 72 தடுப்பில் மோதியது. அவர் கால்களுக்கு இடையில் வரும் பட்டியைப் போட விரும்பாதவர். மோதலில் உடம்பு கீழ்நோக்கி வழுக்க, பெல்ட்டின் பூட்டு தொண்டையில் ஏறியது. அந்த வருட உலகப் பட்டம் அவருக்கு இறந்த பிறகுதான் கிடைத்தது. அப்படிப் பெற்றவர் அவர் ஒருவர்தான். கால்களுக்கு இடையில் பட்டி இல்லாத நாலு முனைப் பெல்ட்டை இன்றும் ஆசையாக வாங்கிப் பூட்டுகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும். தோள் பட்டிகளைப் பின் தரையில் பூட்டுவதும் பிழை. மோதலில் அவை முதுகெலும்பைக் கீழே அமுக்கும். தோளிலிருந்து ஏறக்குறைய நேராகப் பின்னுக்குப் போக வேண்டும்.

தோள் இறுகி நின்றால் தலை மட்டும் முன்னால் பாயும். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து இறந்தவர்கள் பலர், 2001இல் டெய்ட்டோனாவில் அமெரிக்க ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் உட்பட. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி 1980களிலேயே உருவானது, ஃபோர்முலா 1இல் கட்டாயமானது 2003இல். இதை வாங்காமல் ஆறு முனைப் பெல்ட்டுக்குக் காசு செலவழிப்பது அரைவேலை.

தலைக்கவசம் எங்கள் வீடுகளில் எல்லாம் இருக்கிறது, மோட்டர் சைக்கிளுக்குரியது. காருக்குரிய எஸ்ஏ வகை வேறு. உட்துணி இலகுவில் தீப்பிடிக்காது, ஒரே இடத்தில் இரும்புக் குழாயோடு திரும்பத் திரும்ப அடிபடுவதையும் அதற்குச் சோதித்திருப்பார்கள். கூண்டுக்குள் தலை மோதப்போவது குழாயில்தானே. இதே காரணத்தால்தான், தெருவில் ஓடுகிற காருக்குள் கூண்டைப் போட்டுவிட்டு வெறுந்தலையோடு ஓடுவது கூண்டே இல்லாததைவிட மோசம்.

"ஓட்டப்பாதையில் ஓடுவது ஏ9இலும் ஓடும்"

செவன் வகைக் காரின் உயரம் ஒரு மீற்றரும் கொஞ்சமும். டிப்பரின் ஆசனத்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் நிற்பது தெரியாது. இரவில் தாரின் சூட்டுக்கு வந்து படுக்கிற மாடுகளின் உயரத்துக்கு ஓட்டுநரின் முகம் இருக்கும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மழையைச் சொல்ல வேண்டும். லேசான காரில் ரயர்க் காற்றைக் குறைவாக வைப்பார்கள், 20 பிஎஸ்ஐ போல. தண்ணீரில் ரயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு நாசா 1960களில் விமான ரயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டது. அதன்படி, தேய்ந்த ரயரோடு ஆழத் தண்ணீரில் 32 பிஎஸ்ஐ காற்றுக்கு அந்த வேகம் மணிக்குச் சுமார் 94 கிலோமீற்றர், 20 பிஎஸ்ஐக்கு 75 மட்டும். இரணைமடுவின் வான்கதவு திறக்கிற நாட்களில், 70 என்ற எங்கள் வேக எல்லைக்குப் பக்கத்திலேயே அது வந்து நிற்கிறது. தவாளிப்பு அதிகமில்லாத பந்தய ரயரென்றால் சொல்லவே வேண்டாம்.

அழகுக்காகப் பெரிய அலோய் சில்லுப் பூட்டுவதும் இந்தக் கார்களில் பெரிய பிழை. வெறும் பெட்டியோடு வருகிற லான்ட்மாஸ்டரைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு குழிக்கும் துள்ளும். நெல் மூட்டை ஏற்றினால் அடங்கிவிடும். மேலே பாரம் இல்லாதபோது சில்லுதான் பெட்டியை ஆட்டுகிறது. 440 கிலோக் காரில் பாரமான சில்லுப் பூட்டினால் அதே கூத்து.

மருமகனுக்கு இவ்வளவையும் சொன்னேன். ஆசையை விடச் சொல்லவில்லை. குழாய் வாங்குமுன் ஈர்க்கிலும் பசையிலும் ஒரு மாதிரி செய்துவா என்றேன். இரண்டு கிழமையில் கொண்டுவந்தான், ஒரு முழ நீளம், பார்க்க வடிவாக இருந்தது. இரண்டு முனையையும் பிடித்து மெல்ல முறுக்கினேன். முன்பக்கம் அசையவில்லை, பின்பக்கம் அசையவில்லை. ஓட்டுநர் ஏறி இறங்குவதற்காக மேலே திறந்து விட்ட நடுப்பகுதிதான் படுக்கை ஓலைபோல் முறுகியது. அவன் வாங்கி, தானும் இரண்டுதரம் முறுக்கிப் பார்த்தான். பிறகு பசைப் போத்தல் எங்கே என்று கேட்டான்.