சோர்ஸ் கோடிலிருந்து இன்ஸ்டால் செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சோர்ஸ் கோடைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றும் கம்பைல் வேலை பாதியில் எரர் அடித்து நின்றுவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். கம்பைல் நன்றாக முடிந்து, தப்பான இடத்தில் போய் இன்ஸ்டால் ஆகிவிடுகிறதே, அதுதான் சிஸ்டத்தைக் கெடுக்கும். அதுவும் அன்றைக்கே தெரியாது, பல நாள் கழித்து வேறு எதையோ அப்டேட் செய்யப் போகும்போது இடிக்கும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கடலோரத்தில் லினக்ஸ் பழகும் பிள்ளைகளில் நிறைய பேரிடம் இருப்பது ஒரு பழைய கணினியும் மொபைல் ஹாட்ஸ்பாட்டும்தான். கரண்ட் வேறு எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் வேகமான நெட்டையும் நிற்காத மின்சாரத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை, நமக்கு அடிபடும் இடங்கள் வேறு.

ஓப்பன்சிபிஎன் என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். கடல் வரைபடத்தைத் திரையில் காட்டும், ஜிபிஎஸ் கருவியை மாட்டினால் படகு இருக்கும் இடத்தையும் அதன் மேலேயே காட்டும். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி பாக் நீரிணையில் போட்ட எல்லைக்கோடு கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதில் ஆர்வம் வருவது இயல்பு. ஆனால் இதை சோர்ஸிலிருந்துதான் கம்பைல் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் முன், மென்பொருளை ரெடிமேட் பேக்கேஜாக ஏற்றித் தரும் ஏபிடியில் தேடிப் பாருங்கள். டெபியன், உபுண்டு ஆகிய டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் தொகுப்புகளில், ரெடிமேடாகவே இருக்கிறது. புது வெர்ஷனில் வந்த ஒரு வசதி உங்களுக்கு அவசியம், அல்லது கோடில் நீங்களே கை வைக்கப் போகிறீர்கள், அல்லது கற்றுக்கொள்ளத்தான் செய்கிறீர்கள் என்றால் சரி, தாராளமாகக் கம்பைல் செய்யுங்கள். தேடிப் பார்க்காமலே இறங்குவதுதான் முதல் தவறு.

அடுத்து டவுன்லோட். கிட் குளோன், அதாவது கோடின் சேமிப்பிடமான ரெப்போவை அப்படியே நகலெடுப்பது, பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து இழுக்கும். சிக்னல் விழுந்து விழுந்து எழும் இடத்தில் உட்கார்ந்து பெரிய ரெப்போவை முழு வரலாறோடு குளோன் செய்வது டேட்டாவைக் கடலில் கொட்டுவதுதான். வெளியீட்டுக்கான டார் ஃபைல் (எல்லா ஃபைல்களையும் ஒன்றாகக் கட்டியது) இருந்தால் அதை டபிள்யூகெட் என்ற டவுன்லோட் கட்டளையில் 'தொடர்' ஆப்ஷன், அதாவது சின்ன 'சி' போட்டு இறக்குங்கள், அறுந்தாலும் மீதியை மட்டும் இழுக்கும். குளோன்தான் வேண்டுமென்றால் டெப்த் 1 கொடுங்கள், பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும் வரும். சப்மாட்யூல், அதாவது தனியாக இழுக்க வேண்டிய உள் ரெப்போ, இருக்கிற திட்டமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அதை விட்டுவிட்டு காலி ஃபோல்டரை வைத்துக்கொண்டு ஏன் கம்பைல் ஆகவில்லை என்று தேடுகிறவர்கள் அதிகம்.

நண்பனிடமிருந்து பென்டிரைவில் வாங்கினால் டார் ஃபைலை அப்படியே வாங்குங்கள், பிரித்த ஃபோல்டரை வாங்காதீர்கள். பென்டிரைவில் பெரும்பாலும் இருக்கும் ஃபாட் வகை ஃபைல் சிஸ்டத்துக்கு லினக்ஸின் எக்ஸிக்யூட் அனுமதியும் தெரியாது, சிம்பாலிக் லிங்க்கும் தெரியாது, இரண்டும் வழியிலேயே தொலைந்துவிடும். உங்கள் ஹோம் ஃபோல்டருக்குக் கொண்டுவந்து அங்கே பிரியுங்கள். ஃபைலின் கைரேகை போன்ற ஷா256 தொகையையும், வெளியிட்டவர்கள் தந்ததோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஃபைல் முழுதாக, மாறாமல் வந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும், உள்ளே இருப்பது நல்ல கோடா என்பதைச் சொல்லாது. 2024 மார்ச்சில் ஃபைல்களைச் சுருக்க மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் எக்ஸ்இசட் என்ற லைப்ரரியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்வாசல், அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, கண்டுபிடிக்கப்பட்டதே, அந்த ஃபைல்கள் அதிகாரபூர்வ வெளியீடாகவே வந்தவை. அதனால் டிஸ்ட்ரோவின் பாதுகாப்பு அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

ரீட்மீ, இன்ஸ்டால் என்ற பெயரில் உள்ள ஃபைல்களைப் படிக்காமல், பழக்க தோஷத்தில் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று அடிப்பது வேண்டாம். மேக் என்பது கம்பைல் வேலையை நடத்தும் கருவி. ஓப்பன்சிபிஎன் சிமேக் என்ற கருவியில் நடக்கும், ஜிபிஎஸ் தகவலை வாங்கித் தரும் ஜிபிஎஸ்டி எஸ்கான்ஸ் என்ற கருவியில் நடக்கும், அங்கெல்லாம் கான்ஃபிகர் என்ற ஃபைலே இருக்காது. அப்புறம் அந்த எப்போதும் வரும் புலம்பல்: "லைப்ரரி என்னிடம் இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" ஓட்டுவதற்கு லைப்ரரி போதும், கம்பைல் செய்ய, அதில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெட்டர் ஃபைல்களும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் பெயரின் கடைசியில் 'டெவ்' என்று வரும் பேக்கேஜில் அவை இருக்கும், ஃபெடோராவில் 'டெவல்' என்று வரும். ஒவ்வொன்றாக எரர் வாங்கித் தேடுவதைவிட, ஏபிடி பார்க்கும் பட்டியலில் சோர்ஸுக்கான வரிகளை இயக்கிவிட்டு அதன் பில்ட் டெப் கட்டளையைக் கொடுத்தால் பெரும்பாலானவை ஒரே தடவையில் வந்துவிடும்.

எரர் வந்தால் கடைசி வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி உதவி கேட்பார்கள். அதில் 'எரர் 2' என்று மேக் சொல்வதைத் தவிர ஒன்றும் இருக்காது. மேலே போய் முதல் எரரைப் பாருங்கள், கீழே வருபவை பெரும்பாலும் அதன் வால்கள். ஒரே நேரத்தில் பல வேலை ஓடினால் செய்திகள் கலந்துவிடும், அப்போது ஒற்றை வேலையாக மறுபடி மேக் கொடுத்தால் எது உடைந்தது என்று தெளிவாக நிற்கும். சிமேக்கில் இன்னொரு விஷயம்: ஒரு தடவை கிடைத்த பதிலைத் தன் கேஷ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும், நீங்கள் விடுபட்ட லைப்ரரியை ஏற்றிய பிறகும் பழைய பதிலையே சொல்லலாம். அதனால்தான் சோர்ஸுக்குள்ளேயே கம்பைல் செய்யாமல் 'பில்ட்' என்று தனி ஃபோல்டர் போடச் சொல்கிறார்கள், சந்தேகம் வந்தால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

மேக்குக்கு 'ஜே' ஆப்ஷன் கொடுக்கும்போது எண்ணையும் சேர்த்தே கொடுங்கள். எண் இல்லாத 'ஜே' என்றால் வரம்பே இல்லை, முடிந்த அத்தனை வேலையையும் ஒன்றாக ஆரம்பிக்கும். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் பெரிய சி பிளஸ் பிளஸ் திட்டத்துக்கு 2 போதும். கம்பைலர் 'கில்டு' என்று செத்தால் கோடில் பிழை தேடாதீர்கள், பெரும்பாலும் ராம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கெர்னலே கொன்றிருக்கும்.

கரண்ட் போவதைப் பற்றி வழிகாட்டிகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. கண்ட்ரோல் சி அடித்து நிறுத்தினால், எழுதிக்கொண்டிருந்த அரைகுறை ஃபைலை மேக் அழித்துவிட்டுத்தான் வெளியேறும். கரண்ட் போனால் அதற்கு அவகாசமே கிடையாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அரைகுறை ஆப்ஜெக்ட் ஃபைல் (ஒரு சோர்ஸ் ஃபைல் கம்பைல் ஆகிக் கிடைப்பது), சில நேரம் 0 பைட் ஃபைல், அப்படியே டிஸ்க்கில் கிடக்கும். கரண்ட் வந்து மறுபடி மேக் கொடுக்கிறீர்கள், அது தேதியை மட்டும்தான் பார்க்கும், சோர்ஸைவிட ஆப்ஜெக்ட் புதியதாக இருந்தால் 'இது முடிந்தது' என்று தாண்டிப் போய்விடும். எல்லாம் முடிந்து, ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாக இணைத்து லிங்க் செய்யும் இடத்தில்தான் 'ஃபைல் அடையாளம் தெரியவில்லை' என்ற மாதிரி எரர் வரும். அப்போது மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து செய்வதே பாதுகாப்பு. முன்கூட்டியே சிகேஷ் என்ற கருவியைப் போட்டு வைத்திருந்தால், ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றை அது சேமித்து வைத்திருக்கும், இரண்டாவது தடவை சீக்கிரம் முடியும்.

இதோடு சேர்ந்ததுதான் கடிகாரம். பழைய டெஸ்க்டாப்களில் போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்திருக்கும், கரண்ட் போய் வந்ததும் தேதி ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போய்விடும். சோர்ஸ் ஃபைல்கள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை போலத் தெரியும், மேக் 'கிளாக் ஸ்கியூ' என்று எச்சரிக்கும். அதை அலட்சியப்படுத்தக் கூடாது, எதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்ற கணக்கே தேதியை நம்பித்தான் நடக்கிறது. கணினியைப் போட்டதும் தேதியைச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

சரி, இப்போது சூடோ, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தில் கட்டளையை ஓட்டுவது. கம்பைல் செய்ய சூடோ வேண்டவே வேண்டாம். சூடோ போட்டு மேக் கொடுத்தால் பில்ட் ஃபோல்டரில் ரூட் பெயரில் ஃபைல்கள் உருவாகும், அடுத்த முறை சாதாரணமாக ஓட்டினால் அனுமதி இல்லை என்னும், உடனே மறுபடி சூடோ, அப்படியே பழகிவிடும். ஜிபிஎஸ் கருவியை மாட்டிவிட்டு போர்ட் திறக்கவில்லை என்பதற்காக மென்பொருளையே சூடோவில் ஓட்டுகிறவர்களும் உண்டு. டெபியன், உபுண்டுவில் சீரியல் போர்ட்டைத் திறக்க நீங்கள் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழுவில் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் பெரிய 'ஜி'யோடு சின்ன 'ஏ'வையும் கட்டாயம் சேர்த்துக் கொடுத்துவிட்டு, லாக் அவுட் ஆகி வாருங்கள். அந்த 'ஏ'வை விட்டால் மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் உங்களை நீக்கிவிடும், சூடோ குழுவிலிருந்தும் சேர்த்து, பிறகு சூடோவே வேலை செய்யாது.

இன்ஸ்டால் செய்யும் இடம் இதைவிட முக்கியம். ஒன்றும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/லோக்கல் என்ற இடத்துக்குப் போகும், அது பரவாயில்லை. இன்ஸ்டால் ஆகும் இடத்தைக் குறிக்கும் பிரிஃபிக்ஸை /யூஎஸ்ஆர் என்று மாற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். அது ஏபிடியின் வீடு, அங்கே உள்ள ஃபைல்களின் மேல் நீங்கள் எழுதினால் ஏபிடிக்குத் தெரியாது, அடுத்த அப்டேட்டில் அது உங்களுடையதை மேலெழுதும், அல்லது இரண்டும் கலந்து எதுவுமே ஓடாது. சிஸ்டத்தின் பைத்தானையோ ஓப்பன்எஸ்எஸ்எல்லையோ இப்படி மாற்றிவிட்டு, ஏபிடியே ஓடாமல் ஃபார்மட் வரைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். பழகும்போது ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு இடத்தை பிரிஃபிக்ஸாகக் கொடுங்கள், சூடோவும் தேவைப்படாது, பிடிக்கவில்லை என்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் முடிந்தது.

லோக்கலில் போட்டவர்கள் பில்ட் ஃபோல்டரை அழிக்காதீர்கள். மேக் அன்இன்ஸ்டால் இருந்தால் அதற்கு அந்த ஃபோல்டர் வேண்டும், சிமேக் என்றால் எதை எங்கே வைத்தது என்ற பட்டியல் இன்ஸ்டால் மேனிஃபெஸ்ட் என்ற ஃபைலில் அங்கேதான் இருக்கும். பின்னாளில் ஏபிடியில் புது வெர்ஷன் ஏற்றிய பிறகும் பழையதே திறக்கிறது என்றால், லோக்கலில் கிடப்பது, கட்டளைகளைத் தேடும் இடங்களின் வரிசையான பாத்தில் முன்னால் வருகிறது என்று அர்த்தம். 'விச்' கட்டளை எது ஓடுகிறது என்று காட்டிவிடும். ஷேர்டு லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, கிட்டில் மாஸ்டர் கிளை என்பது வேலை நடந்துகொண்டிருக்கும் இடம். அதிலிருந்து கம்பைல் செய்ததை வீட்டில் வைத்துப் பாருங்கள், கோளாறு கண்டால் எழுதி அனுப்புங்கள், ஆனால் படகில் ஏற்றாதீர்கள், இரவில் எல்லைக்குப் பக்கத்தில் திரை உறைந்து நின்றால் ஆபத்து மனிதர்களுக்கு. படகுக்குப் போகும் லேப்டாப்பில் டேக் போட்டு வெளியான வெர்ஷன் மட்டும் இருக்கட்டும், கூடவே தனி ஜிபிஎஸ் கருவியும் இருக்கட்டும். ஒரே கணினியில் இரண்டு வெர்ஷனும் வைத்திருந்தால், ஹோம் ஃபோல்டரில் மறைவாக இருக்கும் ஓப்பன்சிபிஎன் ஃபோல்டரை இரண்டும் பொதுவாகப் பயன்படுத்தும், அதில்தான் செட்டிங்கும் குறித்து வைத்த இடங்களும் இருக்கின்றன. புதியதை முதல் தடவை திறக்கும் முன் அதை ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.