நெல்லை மலையடிவாரத்தில் சைக்கிள்: மேட்டைப் பார்த்துக் காற்றை விட்டுவிடாதீர்கள்

நெல்லைப் பக்கம் சைக்கிளில் சுற்றத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மேடு எவ்வளவு என்பதைத்தான். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை சொல்லிக்கொள்கிற ஏற்றமே கிடையாது. ஆளை அடிப்பது காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் திருநெல்வேலியில் கிளம்பி மேற்கே மிதிப்பது வீண் வம்பு. சைக்கிளை ஏதாவது வண்டியில் தென்காசிக்கு ஏற்றிக்கொண்டு போய், கடையம், அம்பை (அம்பாசமுத்திரம்தான்) வழியாகத் திரும்பி வாருங்கள். அம்பையைத் தாண்டிவிட்டால் காற்றே தள்ளிக்கொண்டு வரும். நாகர்கோவில் போகிற சாலையில் பணகுடி, காவல்கிணறு பக்கம் பக்கவாட்டில் அடிக்கும். ஒரு லாரி காற்றை மறைத்துக்கொண்டு கடந்து போன மறுநொடி ஹேண்டில் வெடுக்கென்று இழுக்கும். பின்னால் பெரிய பைகள் தொங்கினால் இன்னும் மோசம்.

மேப்பில் கோடு தெரிகிறதே என்று மலையைப் பார்த்துத் திரும்பிவிடுவது அடுத்த தவறு. மணிமுத்தாறு, பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி, எங்கே திரும்பினாலும் கொஞ்ச தூரத்தில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் வந்துவிடும். சைக்கிளை விடுவார்களா என்று வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்று வாதாடிப் பயனில்லை. அடிவாரச் சாலைகளிலும் இருட்டுவதற்குள் ஊருக்குள் வந்துவிடுவது நல்லது. கரடி நடமாட்டம் உண்டு. சைக்கிளோ சத்தமில்லாமல் அதன் பக்கத்திலேயே போய் நிற்கும்.

பஞ்சருக்கு ஊர்க்கடைகளை மட்டும் நம்பாதீர்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் ரோட்டோரமெல்லாம் உடைமரத்து முள். ஒட்டுப்போட ஆள் கிடைப்பார். ஆனால் கியர் சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு அவருடைய பம்பு பொருந்தாது. கூடுதல் டியூப் இரண்டு, சின்னப் பம்பு ஒன்று, வால்வில் மாட்டுகிற பித்தளை அடாப்டர் ஒன்று. மூன்றும் பையில் இருக்கட்டும்.

பாபநாசத்தில் குரங்கு பையைத் திறக்கும். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நெல். கார், பிசானம் என்கிற இரண்டு நெல் பருவங்களின் அறுவடை முடிந்ததும் அம்பை வட்டாரச் சின்ன ரோடுகளில் பாதி அகலத்துக்குக் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றிப் பிரேக் பிடித்தால் சக்கரம் நெல்மணிகளில் வழுக்கிக்கொண்டு போகும். தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போங்கள். வழி இல்லையா, இறங்கித் தள்ளுங்கள். நெல்லுக்குச் சொந்தக்காரர் எப்படியும் பக்கத்து மரநிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.