முணுமுணுப்போடு நின்றுவிடாதிருக்க: கத்தோலிக்கப் பங்குகளில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த தவக்காலத்தில் பூநகரிப் பக்கத்துப் பங்கு ஒன்றின் இளைஞர்களோடு ஒரு நாளைக் கழித்தேன். ஊரின் குறைகளை எழுதச் சொன்னபோது கசிப்பு, நுண்கடன், உவர்க் கிணறு, மழைக்காலத்தில் பேருந்து வராத கிரவல் வீதி என மூன்று பக்கங்கள் நிறைந்தன. இவற்றுக்கு யார் என்ன செய்வது என்று கேட்டபோது ஒரே விடை வந்தது: "சுவாமியிடம் சொல்லுவோம்", அதாவது பங்குக் குருவானவரிடம். மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் நானும் இதே விடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் விளைந்ததை நேரில் கண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன். கோள் சொல்லாதீர்கள், பொய்க் கணக்கு எழுதாதீர்கள் என்பவற்றை எவரும் அறிவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அழுகையை முணுமுணுப்பு என்று சொல்லி அடக்குவது

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடிப் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரைப் பற்றி, "முறையிடுவதை விட்டுவிட்டு ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கலாமே" என்று நம்மவர்களே பேசியதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசியது பெரும் பிழை. எகிப்தில் அடிமைகளாயிருந்த மக்கள் எழுப்பிய அழுகுரலைக் கடவுள் கேட்டார் என்றுதான் விடுதலைப்பயண நூல் சொல்கிறது. இணைச்சட்ட நூல் கண்டிக்கும் முறுமுறுப்போ மக்கள் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு பேசியது. பதில் சொல்லக் கடமைப்பட்டவரின் முகத்துக்கு நேரே வைக்கப்படும் துயரத்தையும், திருப்பலி முடிந்து வேப்பமரத்தடியில் நமக்குள்ளேயே சுற்றிவரும் குறைப்பேச்சையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

செபித்தாயிற்று என்று வீட்டுக்குப் போவது

எருசலேமின் மதில் இடிந்து கிடப்பதைக் கேள்விப்பட்ட நெகேமியா பல நாள் அழுது, நோன்பிருந்து, மன்றாடினார். பின்னர் அரசனிடம் போய், அதைக் கட்டுவதற்கான மரம் பெறக் கடிதம் கேட்டார்.

எல்லாவற்றையும் ஒரு குருவானவரின் தோளில் ஏற்றுவது

இந்தத் தவறைக் காணும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனெனில் இதைச் செய்தவர்கள் நாங்கள், இதற்கு விலை கொடுத்தவர்கள் ஊர்ப் பெண்கள்.

போர் முடிந்தபின் நிதி நிறுவனங்கள் வன்னிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பிணையில் கிழமைக் கடன் கொடுத்தன. ஒரு கடனின் கட்டுப்பணத்துக்காக இன்னொரு கடன் எடுக்க வேண்டிய நிலை பல வீடுகளில் உண்டாயிற்று. 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது நல்ல காரியம்தான். ஆயினும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவே பணம் புரட்ட ஊருக்குள் ஒரு வழி இல்லாதவரை, அடுத்த கடன் வாசலில்தான் நிற்கும்.

இதை எங்கள் பங்குத்தந்தை நன்கு விளங்கிக்கொண்டார். இருபத்துமூன்று பெண்களைச் சேர்த்து, கிழமைக்கு நூறு ரூபா சேமித்து, தேவைப்பட்டவருக்குக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கும் ஒரு குழுவை அமைத்தார். கணக்கை அவரே எழுதினார், பணப்பெட்டி குருமனையில் இருந்தது, திறப்பும் அவரிடமே இருந்தது. கட்டுப்பணம் கேட்டு இருட்டியபின் வீடு தேடி வருபவர்களோடு பேசுவதும் அவர்தான். பங்குச் சபையில் பொறுப்பிலிருந்த நான் இதையெல்லாம் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, ஒரு நாளாவது அந்தக் கொப்பியை வேறொருவர் எழுதிப் பழகட்டும் என்று சொல்லவில்லை.

பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவரும் நல்லவரே, ஆனால் அவருக்குக் கூரை ஒழுகிய ஆலயமும் மறைக்கல்வியும் முன்னுக்கு நின்றன. ஐந்து மாதம் கழித்து அலுமாரியிலிருந்து அந்த சீ.ஆர். கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஒரு யூலை மாதத் திகதியோடு நீல மை நின்றிருந்தது. அதற்குக் கீழே, அடுத்த கிழமைகளுக்காக அவர் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வைத்திருந்த கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அதற்குள் ஏழு பெண்கள் கிழமைக் கடனுக்குத் திரும்பியிருந்தார்கள். ஒருவர் கறவைப் பசுவைக் கன்றோடு விற்றிருந்தார்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை அதன் பிறகுதான் சரியாக வாசித்தேன். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர் முணுமுணுத்தபோது, திருத்தூதர் பன்னிருவரும் அகப்பையைத் தங்கள் கையில் எடுக்கவில்லை. எழுவரைத் தெரிவுசெய்யும் பொறுப்பை மக்களிடமே விட்டார்கள். தெரிவானவர்களின் பெயர்கள் ஏழும் கிரேக்கப் பெயர்கள்; குறை சொன்ன பக்கத்தாரின் கைக்கே பொறுப்புப் போயிருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்கிறேன். நெகேமியாவின் காலத்திலும் அவரவர் தத்தம் வீட்டுக்கு எதிரேயிருந்த மதிலைக் கட்டியதனால்தான் 52 நாட்களில் வேலை முடிந்தது. வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தவர்கள் அந்த நாட்களில் கதறியபோது, கடன் கொடுத்தவர்களைச் சபையின் முன் நிறுத்தினார். குருக்களை அழைத்தது அவர்கள் முன்னிலையில் ஆணை வாங்குவதற்காக. குருவானவரைச் சாட்சியாக நிறுத்தும் இந்த ஒழுங்கு நம் பங்குகளுக்கு மிகவும் பொருந்தும்.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பூநகரிப் பக்கத்துக் கடலிலுள்ள இரணைதீவிலிருந்து 1992இல் இடம்பெயர்ந்த மக்கள், திரும்பிப் போக அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்தார்கள், 2017இல் கரையோர ஊரான இரணைமாதாநகரில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தங்கள் சொந்தப் படகுகளிலேயே தீவுக்குப் போய் இறங்கினார்கள். குருக்கள் துணைநின்றார்கள், படகை ஓட்டியவர்கள் அந்த மக்கள்.

எங்கள் குழுவை மீண்டும் தொடங்க இரண்டு ஆண்டுகள் சென்றன, ஒருமுறை ஏமாந்தவர்கள் எளிதில் வர மாட்டார்கள். இப்போது பெட்டிக்கு மூன்று பூட்டுகள். மூன்று திறப்புகளும் மூன்று வீடுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கொப்பி உரத்து வாசிக்கப்படுகிறது, கணக்கு எழுதுபவர் ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறார், பங்குத்தந்தை மூன்று மாதத்துக்கொருமுறை பார்வையிட்டுக் கையொப்பமிடுகிறார். அதன்பின் இரு குருக்கள் மாற்றலாகிச் சென்றுவிட்டார்கள். வியாழக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை.

பங்குக்காரருக்கு மட்டும் என்று வேலி போடுவது

ஒரே கிணற்றில் அள்ளுகிற சைவ அயலவரை விட்டுவிட்டு ஊர்க் காரியம் எதையும் தொடங்காதீர்கள்.

வாயால் மட்டும் முறையிடுவது

வீதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று தேநீர்க் கடையில் கேட்பதை நிறுத்திவிட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிரதிகள் கொண்டுபோய், உங்களுடையதில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். கடிதத்தில் குறைந்தது ஐந்து பேர் கையொப்பமிடுங்கள், முத்திரையிட்ட பிரதியைக் குருமனை அலுமாரியில் வைக்காமல் உங்களில் ஒருவரின் வீட்டில் வைத்திருங்கள்.