மோர்கன் வெள்ளி டாலர்: பணம் கொடுக்கும் முன் சோதிப்பது எப்படி?

அமெரிக்கப் பழங்காசு சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு மோர்கன் டாலர் நல்ல முதல் காசு. எளிதில் கிடைக்கும், உள்ளே நிறைய வெள்ளியும் உண்டு. போலிகள் மலிந்திருப்பதற்கும் அதுவேதான் காரணம்.

1878-ல் வந்த பிளாண்ட்-ஆலிசன் சட்டப்படி அரசு மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கிக் காசாக அடிக்க வேண்டியிருந்தது. அதற்காக இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் மோர்கன் வடித்த காசு இது. 1904 வரை அடித்தார்கள், பிறகு 1921-ல் மறுபடியும். இடையே 1918-ன் பிட்மன் சட்டத்தால் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உலைக்குப் போயின. அதனால் அச்சிட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரிய காசா, இல்லையா என்று சொல்லிவிட முடியாது. 1903-ல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்த காசு பெரும் அபூர்வமாகத்தான் இருந்தது; 1962-ல் அரசுக் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளிவந்ததும் விலை சரிந்தது.

1. எடையும் அளவும்

0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு போதும். எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ., வெள்ளி 90%, செம்பு 10%, விளிம்பு வரிவரியாக இருக்கும். புதுக்காசில் 0.1 கிராம் வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டிருந்தது. தேய்ந்த காசு எடை குறையலாம், கூடுவதற்கு வழியில்லை. 27.2 காட்டினால் பேரம் பேசாமல் வைத்துவிடுங்கள்.

2. நீர்ச் சோதனை

காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, பித்தளையும் ஒட்டாது. அதனால் தண்ணீர்தான் நம்பகம். அகலமான டம்ளரில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி முழுதும் மூழ்கவிடுங்கள். தராசு ஏறத்தாழ 2.6 காட்ட வேண்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி 10.3 ஒட்டி வரும். காசு டம்ளரின் அடியைத் தொட்டால் எண் தாறுமாறாக ஏறும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அசல் காசே போலிபோலத் தெரியும். நூலை மெல்ல ஆட்டி உதிர்த்துவிடுங்கள்.

3. எந்த ஊர்க் காசு?

காசைப் புத்தகப் பக்கம்போலப் புரட்டாமல் மேலிருந்து கீழாகப் புரட்டுங்கள். பின்பக்கக் கழுகு நிமிர்ந்து நிற்கும். மலர்வளைய முடிச்சுக்குக் கீழே, காசை அடித்த ஊரைக் காட்டும் சிறு ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, இரட்டை சி என்றால் கார்சன் சிட்டி, டி (D) என்றால் டென்வர் (1921 மட்டும்). எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா.

மோசடி நடப்பது பெரும்பாலும் இந்த எழுத்தில்தான். 1893 சான் பிரான்சிஸ்கோ காசு ஒரு லட்சம்தான் அடிக்கப்பட்டது. ஆகவே பிலடெல்பியா காசில் எஸ் ஒட்டுவார்கள், அல்லது 1898-ஐ 1893 ஆகத் திருத்துவார்கள். அடிப்படை அசல் டாலர் என்பதால் எடையும் நீரும் இதைக் காட்டிக்கொடுக்காது. 10 மடங்கு லென்ஸில் எழுத்தைச் சுற்றிக் கோடோ பசைத் தடமோ உண்டா பாருங்கள். 1893-ன் சான் பிரான்சிஸ்கோ காசுகள் அனைத்துக்கும் தலைப்பக்க அச்சு ஒன்றே. அதிலுள்ள பெண்ணின் தலைப்பட்டையில் உள்ள லிபர்ட்டி என்ற சொல்லின் டி (T) எழுத்தின் மேற்பகுதியில் மெல்லிய சாய்ந்த கோடு இருக்கும். அது இல்லாத காசை, யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

4. தேய்மானமா, அச்சு விழாததா?

பெண்ணின் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் மார்பும்தான் முதலில் தேயும். ஆனால் பல நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் அச்சு சரியாக விழாமல் அந்த இடம் பிறப்பிலேயே தட்டையாக இருக்கும். விளக்கின் கீழே காசைச் சாய்த்துத் திருப்புங்கள். தட்டையான இடத்திலும் ஒளி சக்கரம்போல் சுழன்றால் அச்சுக் குறை. மங்கிச் சாம்பலாகத் தெரிந்தால் தேய்மானம்.

5. வாங்கியபின்

புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அழகு தருவது காசின் விலையைக் கெடுக்கும். தேய்த்த கீறல் போகவே போகாது. மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசுக்கு விடும். அப்படி ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு, துடைக்காமல் உலரவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பில்லாமல் செய்யுங்கள். நெயில் பாலிஷ் நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது. பிறகு 38 மி.மீ. கடின பிளாஸ்டிக் கேப்ஸ்யூலில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட்டுடன் டப்பாவில் மூடுங்கள்.