மழைக்காலத்தில் டிஈபிசி: தினமும் சரிந்த ஆல்ஃபா பீக்

டிஈபிசி (tissue-equivalent proportional counter) என்பது, உடல் திசுவைப் போன்ற சுவரும் வாயுவும் கொண்ட, கதிர்வீச்சை அளக்கும் கருவி. மும்பை லேபில் இருக்கும் அரை இஞ்ச் (12.7 மிமீ) டிஈபிசியில், 2 மைக்ரான் திசுவுக்குச் சமமாக, புரோப்பேன் கலந்த டிஷ்யூ ஈக்விவலன்ட் (திசுவுக்கு நிகரான) கேஸை 20 டிகிரியில் சுமார் 67 டார் (அழுத்த அலகு) வரை நிரப்பியிருந்தோம். நிரப்பியதும் ஆல்ஃபா பீக் (சோதனைக்கான ஆல்ஃபா மூலம் தரும் சிக்னலின் உச்சம்) சரியான இடத்தில் நிற்கும். மறுநாள் கீழே இறங்கியிருக்கும், அடுத்த நாள் இன்னும் கீழே.

ஹைவோல்டேஜ் சப்ளையை மாற்றினேன், பலனில்லை. ப்ரீஆம்பின் (சிக்னலை முதலில் பெருக்கும் சர்க்யூட்) டெஸ்ட் இன்புட்டில் பல்ஸர் (சோதனைத் துடிப்பு தரும் கருவி) கொடுத்தால் அதன் பீக் அசையவே இல்லை. ஆக, கோளாறு சேம்பருக்குள்தான். ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றியும் அதே கதை.

துப்பு கிடைத்தது வேக்யூம் டெஸ்டில். பம்ப் வால்வை மூடிவிட்டு பிரஷர் ஏறுவதை நேரத்தோடு குறித்தேன். லீக் என்றால் கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். இங்கே வேகமாக ஏறி, பிறகு வளைந்து படுத்துவிட்டது. அது சுவரிலிருந்து வரும் வாயு. சுவர் ஏ-150 என்ற, திசுவுக்கு நிகரான பிளாஸ்டிக்; அதில் நைலான் உண்டு. திறந்து வைத்தால் மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கேஜில் பெரிதாகத் தெரியாத நீராவியே கெயினை (வாயுவில் சிக்னல் பெருகும் அளவை) குறைத்துவிடும்.

ஹைவோல்டேஜை அணைத்து, சேம்பரை 40 டிகிரிக்குச் சூடாக்கி இரவு முழுக்கப் பம்ப் செய்தேன். கேஸ் நிரப்பி, சில மணி நேரம் ஊறவிட்டு, வெளியேற்றி, மறுபடி நிரப்பினேன். வளைகோடு தட்டையாகும்வரை இதேதான். கடைசி நிரப்பலுக்கு முன் சேம்பர் அறை வெப்பநிலைக்கு ஆறியே ஆக வேண்டும். சூட்டில் நிரப்பினால் அடர்த்தி குறைந்து, 2 மைக்ரான் கணக்கு தப்பும்.

பீக் இப்போது நகரவில்லை. ஏசியை இரவில் அணைப்பவர்களிடம் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.